வேப்பும் வைரஸும்: அளந்து பேசுவோம்

2020 ஆகஸ்ட். உலகம் முகக்கவசத்துக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. 13 முதல் 24 வயது வரையிலான 4,351 பேரிடம் இணையம் வழியாகக் கேள்விகள் கேட்டு, அவர்கள் தந்த பதில்களைத் தொகுத்திருந்தார்கள். வாழ்நாளில் ஒருமுறையேனும் ‘வேப்’ எனப்படும் இ-சிகரெட் பிடித்திருந்த இளையோர், தமக்குக் கொரோனா உறுதியானதாகச் சொன்ன வாய்ப்பு, பிடிக்காதவர்களைவிட ஐந்து மடங்கு. இ-சிகரெட், சாதாரண சிகரெட் இரண்டையும் தொட்டிருந்தவர்களுக்கு ஏழு மடங்கு.

அந்த ‘ஐந்து மடங்கு’ ஓரிரு நாளில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. வாஷிங்டனில் அதைக் கையில் எடுத்தவர் கீழவை உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. தமிழ்க் குடும்பத்தில் டெல்லியில் பிறந்து, இல்லினாய் மாநிலத்தில் வளர்ந்தவர். ஜூல் என்ற வேப் நிறுவனம் பதின்வயதினரை வளைத்துப்போட்டதாக எழுந்த புகாரை 2019இல் நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவராக விசாரித்தவர். தொற்றுக்காலம் முடியும்வரை இ-சிகரெட்டுகளைச் சந்தையிலிருந்து அகற்ற வேண்டும் என்று 2020 ஏப்ரலிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தப் பழக்கம் கொரோனா ஆபத்தைக் கூட்டுகிறதா என்பது தெரியவில்லை என்ற நிலையில் நிர்வாகம் நின்றது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு வந்ததும், கேட்ட சான்று கிடைத்துவிட்டது, இனியாவது செயல்படுங்கள் என்று அவர் மறுபடியும் எழுதினார்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் இன்னொரு மூலையிலிருந்து வேறொரு கணக்கு வந்தது. மேயோ கிளினிக் மருத்துவமனைகளுக்கு வந்த 69,264 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, வேப் பிடிப்பவர்களுக்குக் கொரோனா அதிகம் உறுதியானதா என்று பார்த்தார்கள். அதிகம் இல்லை. ஐந்து மடங்கு என்ன, குறிப்பிடத்தக்க வேறுபாடே தெரியவில்லை.

ஒரே நாடு, ஒரே வைரஸ், ஏறத்தாழ ஒரே காலம். ஓர் ஆய்வு ஐந்து மடங்கு என்கிறது, மற்றொன்று ஒன்றுமில்லை என்கிறது. முதலாவதைப் படித்தவர் தன் மகனைப் பயமுறுத்துகிறார். இரண்டாவதைப் படித்த மகன் அப்பாவுக்கு விவரம் தெரியாது என்ற முடிவுக்கு வருகிறான். இந்த இரண்டு முடிவுகளுமே தவறானவை. வேப் பழக்கத்தையும் மூச்சுவழித் தொற்றையும் பற்றி இன்று உறுதியாகச் சொல்லக்கூடியது நிறையவே இருக்கிறது. அதைச் சரியான அளவில், கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் இளைஞர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.

முதலில் அந்த ஐந்து மடங்கைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு கருத்துக்கணிப்பு வகையைச் சேர்ந்தது. 2020 மே மாதத்தில், சில நாள்களுக்குள் எடுக்கப்பட்டது. யாரையும் மருத்துவர் பரிசோதிக்கவில்லை. வேப் பிடித்தேன், பரிசோதனை செய்துகொண்டேன், தொற்று வந்தது என்று அவரவர் சொன்னதுதான் தரவு. அந்த மே மாதத்தில் அமெரிக்காவில் கொரோனா பரிசோதனை எல்லோருக்கும் எளிதில் கிடைக்கவில்லை. பரிசோதனை செய்துகொள்ளாதவருக்குத் தொற்று உறுதியாக வழியே இல்லை. முந்தைய 30 நாளில் வேப், சிகரெட் இரண்டையும் பிடித்தவர்கள் மற்றவர்களைவிட ஒன்பது மடங்கு அதிகமாகப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்கிறது. இருமலும் தொண்டைக் கரகரப்பும் உள்ளவர் பயந்துபோய்ப் பரிசோதனைக்கு ஓடுவது இயல்பு. அதிகம் தேடிய இடத்தில் அதிகம் கிடைத்திருக்கலாம்.

இன்னொரு முடிச்சும் உண்டு. ‘ஒருமுறையேனும் பிடித்தவர்கள்’ என்ற பிரிவில் ஐந்து மடங்கு தெரிகிறது. கடந்த 30 நாளில் இ-சிகரெட்டை மட்டும் பிடித்தவர்களிடமோ, புள்ளியியல் உறுதியோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆவி நுரையீரலைப் பழுதாக்கி வைரஸுக்கு வழிவிட்டது என்றால், இப்போது பிடிப்பவருக்குத்தான் ஆபத்து கூடியிருக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு அல்ல. துணிந்து புதியதைச் செய்து பார்க்கும் குணம், கூட்டமாகச் சேரும் பழக்கம், நண்பர் வட்டம் ஆகியவைகூட இந்த எண்ணுக்குள் கலந்திருக்கலாம். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் அட்டவணைகளை ஒளிக்கவில்லை. தலைப்புச் செய்திகள்தான் அட்டவணைவரை போகவில்லை.

எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டில் ஒரு கசப்பான உதாரணம் கிடைத்தது. இ-சிகரெட் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க இதயக் கழகத்தின் ஆய்விதழில் 2019இல் வந்த கட்டுரை, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வில் எண்ணப்பட்டவர்களில் சிலருக்கு, அவர்கள் இ-சிகரெட்டைத் தொடுவதற்கு முன்பே மாரடைப்பு வந்திருக்கலாம் என்ற கேள்விக்கு ஆய்வாளர்களால் உரிய பதில் தர முடியவில்லை. வேப் வியாபாரிகள் இன்றுவரை அந்தக் கட்டுரையைக் காட்டித்தான், மருத்துவர்கள் சொல்வதெல்லாம் மிரட்டல் என்று பேசுகிறார்கள். நல்ல நோக்கத்தோடு சொன்ன தவறான எண் எதிராளிக்குத்தான் கடைசியில் பயன்படுகிறது.

மேயோ ஆய்வும் இறுதித் தீர்ப்பு ஆகாது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே அது பார்த்தது. வேப் பிடிப்பதை மருத்துவரிடம் மறைத்தவர்கள், பிடிக்காதவர்கள் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். அதே ஆய்வில் சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கொரோனா குறைவாக உறுதியானதாகவும் தெரிந்தது. இந்த விநோதம் 2020இல் பல நாடுகளின் தரவுகளில் தலைகாட்டி, ஒரு பெரிய குழப்பத்துக்கே வழி செய்தது.

பாரிஸ் நகரின் பித்தியே-சல்பெத்ரியேர் மருத்துவமனை மருத்துவர்கள், கொரோனாவோடு வருபவர்களில் புகைபிடிப்பவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கவனித்தார்கள். நிகோடின் வைரஸைத் தடுக்கிறதோ என்ற கருதுகோளை நரம்பியல் அறிஞர் ழான்-பியர் ஷாஞ்சேவும் சேர்ந்து முன்வைத்தார். செய்தி பரவியதும் நிகோடின் பட்டைகளுக்கு மக்கள் மொய்க்கக்கூடும் என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு, 2020 ஏப்ரல் இறுதியில் அவற்றின் விற்பனைக்கு அளவு விதித்து, இணைய விற்பனையை நிறுத்தியது. பின்னர் தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகளுக்கு நிகோடின் பட்டை ஒட்டிச் சோதித்தபோது உயிரிழப்பு குறையவில்லை. பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் உள்ள 4,21,469 பேரின் தரவைத் துருவிய ஆய்வில், புகைபிடிப்பவர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்வதற்கான வாய்ப்பு, எப்போதும் புகைக்காதவர்களைவிட 80 விழுக்காடு அதிகம் என்று வந்தது. வருமுன் காக்கும் நிகோடின் என்ற கதை அத்தோடு அடங்கியது. அவசரமாக எடுத்த கணக்கு, ஒரு பக்கம் வேப்பைப் பூதமாக்கியதுபோலவே மறுபக்கம் நிகோடினை மருந்தாகவும் காட்டிவிட்டது.

அப்படியானால் ஒரு பழக்கம் தொற்றைக் கூட்டுகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? சிகரெட்டைப் பொறுத்தவரை இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. இஸ்ரேலில் ஒரு ராணுவப் பிரிவில் ஃப்ளூ காய்ச்சல் பரவியது. 336 இளைஞர்கள், எல்லோரும் உடல்நலம் உள்ளவர்கள், ஒரே முகாம், ஒரே சாப்பாடு, ஒரே உறங்குமிடம். புகைபிடித்தவர்களில் 68.5 விழுக்காட்டினருக்கும், பிடிக்காதவர்களில் 47.2 விழுக்காட்டினருக்கும் காய்ச்சல் வந்தது. படுக்கையில் விழுந்தவர்கள் அல்லது பணிக்கு வர முடியாமல் போனவர்கள் முறையே 50.6, 30.1 விழுக்காடு. 1982இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இந்தக் கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வாழ்க்கைமுறை வேறுபாடு என்ற சந்தேகத்துக்கு அங்கே இடம் குறைவு.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி ஊரில் இயங்கிவந்த ஜலதோஷ ஆய்வு நிலையம் இன்னும் ஒரு படி மேலே போனது. தன்னார்வலர்கள் அங்கே வந்து தங்குவார்கள். மூக்கில் வைரஸ் கலந்த சொட்டுகளை விட்டு, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று நாள்தோறும் பார்ப்பார்கள். உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே திரட்டிய தரவு 1993இல் வெளியானது. 391 பேருக்கு ஐந்து வகை வைரஸ்களில் ஒன்று. 26 பேருக்கு வெறும் உப்புநீர். வைரஸை ஆய்வாளர்களே கொடுத்ததால், யார் கூட்டத்தில் திரிந்தார், யார் பரிசோதனைக்கு ஓடினார் என்ற கேள்விகளே எழவில்லை. புகைபிடித்தவர்களுக்கு வைரஸ் தொற்றியதும் அதிகம், தொற்றிய பிறகு நோயாக வெளிப்பட்டதும் அதிகம்.

வைரஸைக் கொடுத்தே பார்க்கும் இத்தகைய சோதனை வேப் பிடிப்பவர்களிடம் நடந்ததா? அதற்குச் சற்று நெருங்கிய ஒன்றை சேப்பல் ஹில் நகரின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இலோனா ஜாஸ்பர்ஸின் குழு செய்தது. ஃப்ளூ தடுப்பு மருந்தில் மூக்கில் தெளிக்கும் வகை ஒன்று உண்டு. வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் அதில் இருக்கும். வேப் பிடிப்பவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், இரண்டும் தொடாதவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் அதைத் தெளித்துவிட்டு, மூக்கின் உட்சவ்வு எப்படி விழித்துக்கொள்கிறது என்று கவனித்தார்கள். வேப் பிடிப்பவர்களின் மூக்கில், வைரஸை எதிர்கொள்ள எழவேண்டிய மரபணுக்களின் செயல்பாடு மங்கியிருந்தது. வைரஸைப் பிடித்து வைக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளும் குறைந்திருந்தது.

அதே குழு 2016இலேயே ஒரு முன்னறிவிப்பைத் தந்திருந்தது. மூக்கிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்த உயிரணுக்களில் நோய் எதிர்ப்பு சார்ந்த மரபணுக்களைச் சோதித்தபோது, சிகரெட் பிடிப்பவர்களிடம் 53 மரபணுக்களின் செயல்பாடு தணிந்திருந்தது. வேப் பிடிப்பவர்களிடம் அந்த 53உம் தணிந்திருந்தன. கூடவே இன்னும் 305 மரபணுக்களும். சிகரெட்டைவிட வேப் அத்தனை மடங்கு கெடுதல் என்று இதற்குப் பொருளல்ல. வேப் ஆவி மூக்கைச் சும்மா விட்டுவைக்கவில்லை என்று மட்டும் பொருள்.

சும்மா விட்டுவைக்க அதில் இருப்பது தண்ணீர் ஆவியும் அல்ல. வேப் கருவிக்குள் ஒரு கம்பிச்சுருள், அதை நனைக்கும் ஒரு திரவம். திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், பெரும்பாலும் நிகோடின், மாம்பழத்திலிருந்து புதினா வரை ஏதாவது ஒரு மணமூட்டி. பேட்டரி கம்பியைச் சூடாக்க, திரவம் நுண்துளிகளாகி நெஞ்சுக்குள் போகிறது. தின்னும் பண்டத்தில் சேர்க்கலாம் என்று அனுமதி பெற்ற மணமூட்டி, சூடாகி நுரையீரலுக்குள் போனாலும் அப்படியே தீங்கில்லாமல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுத்ததில்லை. குடலுக்கு அமிலமும் நொதியும் காவல். நுரையீரலின் காற்றுப்பைகளுக்கோ இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே மெல்லிய ஒரு சவ்வுதான்.

அந்த வழியெங்கும் இயற்கை ஒரு துப்புரவு ஏற்பாட்டை வைத்திருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்புறம் ஈரச் சளிப்படலம். அதன் அடியில் கோடிக்கணக்கான நுண்ணிழைகள். காற்றோடு வரும் தூசும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ளும். இழைகள் நாற்று வயலில் காற்றடித்ததுபோல் ஒரே திசையில் அசைந்து அசைந்து அதைத் தொண்டைக்கு ஏற்றிவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நிகோடின் கலந்த வேப் ஆவி இந்த ஓட்டத்தை மந்தமாக்குகிறது என்பது ஆய்வகத்தில் வளர்த்த மனித மூச்சுக்குழாய் உயிரணுக்களிலும், உயிருள்ள செம்மறியாடுகளின் மூச்சுக்குழாயிலும் 2019இல் பார்க்கப்பட்டது. வைரஸ் வெளியேற வேண்டிய நேரத்தில் உள்ளே தங்குகிறது.

தங்கிய வைரஸ் என்ன செய்யும் என்பதற்கு டென்வர் நகரின் தேசிய யூத மருத்துவமனை ஆய்வாளர்கள் 2014இல் ஒரு விடை கண்டார்கள். புகைக்காத, உடல்நலமுள்ள இளம் வயதினரின் மூச்சுக்குழாய் உயிரணுக்களை எடுத்து, வேப் திரவத்தைப் படவிட்டு, ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸைச் சேர்த்தார்கள். வைரஸின் பெருக்கம் கூடியது. நிகோடின் இல்லாத திரவத்திலும் இதுதான் நடந்தது. கிருமிக்கு எதிராக அந்த உயிரணுக்கள் இயல்பாகச் சுரக்கும் ஒரு காப்புப் புரதம் குறைந்துபோனதே காரணங்களில் ஒன்று. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் நுரையீரலில் வைரஸ் அதிகம் சேர்ந்தது.

எலிகளைப் பற்றிச் சொல்ல இன்னும் இரண்டு ஆய்வுகள் முக்கியம். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சியாம் பிஸ்வாலின் குழு 2015இல் இரண்டு வாரம் மட்டும் வேப் ஆவியைச் சுவாசித்த எலிகளுக்கு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தது. சுத்தமான காற்றைச் சுவாசித்த எலிகளைவிட அவற்றின் நுரையீரலில் வைரஸ் அதிகம். எடை இழப்பும் சாவும் அதிகம். ஹூஸ்டன் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ஃபரா கெராத்மந்தின் குழு 2019இல் நான்கு மாதம் ஆவி பிடித்த எலிகளை ஆராய்ந்தது. காற்றுப்பைகளைச் சுற்றிக் காவல் காக்கும் விழுங்கணுக்களுக்குள் கொழுப்பு தேங்கிக் கிடந்தது. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து சுருங்க உதவும் வழுவழுப்புப் பூச்சின் சமநிலை குலைந்திருந்தது. ஃப்ளூ வைரஸ் வந்தபோது எதிர்ப்பு தாமதமானது. திசுச் சேதம் கூடியது. இங்கேயும் நிகோடின் இல்லாத ஆவியே இதைச் செய்யப் போதுமானதாக இருந்தது. ‘நிகோடின் இல்லை, வெறும் ஃப்ளேவர்தான்’ என்று பையன்களிடம் விற்பவர்கள் இந்த ஆய்வை அறிந்துகொள்வது நல்லது.

எலி மனிதனல்ல. கிண்ணத்தில் வளரும் உயிரணு முழு நுரையீரலல்ல. ஆனால் டென்வர், பால்டிமோர், ஹூஸ்டன், சேப்பல் ஹில் என்று வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு முறையில், வெவ்வேறு வைரஸை வைத்துச் செய்த ஆய்வுகள் ஒரே பக்கம் விரல் நீட்டும்போது அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மனிதர்களை எண்ணிய ஆய்வுகளோ இன்னும் ஒருமித்த குரலில் பேசவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் நேர்மையான வாக்கியம் இதுதான்: வேப் பழக்கம் மூச்சுவழியின் காவலைத் தளர்த்துகிறது, அந்தத் தளர்ச்சியால் ஒருவருக்குத் தொற்று எத்தனை மடங்கு கூடும் என்று எண் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

தொற்றுவது ஒன்று, தொற்றிய பின் உடல் படும் பாடு வேறு. இரண்டாவதைப் பற்றி மேயோ கிளினிக்கே இன்னொரு கணக்கைத் தந்தது. கொரோனா உறுதியான, வேப் பிடிக்கும் 289 பேரை, அதே வயதும் பாலினமும் கொண்ட, வேப்போ சிகரெட்டோ பிடிக்காத 1,445 கொரோனா நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். வேப் பிடிப்பவர்களுக்கு நெஞ்சுவலி, உடல்வலி, தலைவலி, குளிர் நடுக்கம், வாந்தி உணர்வு, வயிற்றுப்போக்கு, சுவையும் மணமும் தெரியாமல் போவது ஆகியவை அதிகம் இருந்தன. தொற்றுவதில் வேறுபாடு காணாத அதே மருத்துவமனை, தொற்றிய பின் வேறுபாடு கண்டிருக்கிறது. இந்த இரண்டாவது செய்தி ஐந்து மடங்கின் கால்பங்கு தூரம்கூடப் பயணிக்கவில்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் கொத்துக்கொத்தாக நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் சேர்க்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். அது கிருமியால் வந்ததல்ல. கள்ளச்சந்தையில் கிடைத்த, கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த திரவத்தைக் கெட்டியாக்க ஊற்றிய வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்தான் முதன்மைக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்துவிட்டதால், பலர் மனத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வேப் விற்பனைக்குத் தடை உள்ள நம் நாட்டுக்கு அந்தச் சம்பவத்தில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. கள்ளத்தனமாக வரும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

பிரிட்டன் இந்த விஷயத்தில் வேறு வழியில் போகிறது. புகைப்பவர் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினால் தீங்கு குறையும் என்பது அங்கே அரசின் கொள்கை. பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் தொடக்கப் பெட்டிகள் தருவதாக 2023இல் அறிவித்தார்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம் ஆகியவற்றைவிட நிகோடின் உள்ள இ-சிகரெட், சிகரெட்டைக் கைவிட அதிகம் பேருக்கு உதவுகிறது என்று காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் சொல்கிறது. முப்பது ஆண்டு சிகரெட் பிடித்த ஐம்பது வயதுக்காரருக்கு இந்த வாதம் பொருந்தும். அவருக்கு ஒப்பீடு சிகரெட்டோடு. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு ஒப்பீடு எதனோடு? சுத்தமான காற்றோடு. சிகரெட்டைவிடக் குறைந்த தீங்கு என்று பெரியவருக்குச் சொன்ன வாக்கியத்தைத் தூக்கிப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது பெரிய பிழை. எறிந்துவிடும் வகை வேப்புகள் பள்ளிப் பிள்ளைகளிடம் பெருகியதைப் பார்த்த பிரிட்டனும் 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

இந்தியாவில் தடை முன்பே வந்துவிட்டது. தமிழ்நாடு 2018இலும், ஒன்றிய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாகவும், பின் டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் கொண்டுவந்தன. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியிருந்தும் கருவி பிள்ளைகள் கைக்கு வந்துசேர்கிறது. பேனா போல, பென்டிரைவ் போலச் சட்டைப்பைக்குள் அடங்குகிறது. வாசனையோ பழ மிட்டாய் வாசனை. 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதியில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 2.8 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இ-சிகரெட் பிடித்ததாகச் சொன்னார்கள். விழுக்காடு சிறிது. வகுப்பறைகளின் எண்ணிக்கையோடு பெருக்கினால் அது சிறிதல்ல.

வைரஸைப் பொறுத்தவரை இந்தப் பிள்ளைகளுக்கு ஆய்வகம் தேவைப்படாத ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு கருவி, நாலு வாய். திருட்டுத்தனமாக வாங்கிய விலை உயர்ந்த பொருளை நண்பர்கள் பகிர்ந்துதான் பிடிப்பார்கள். ஒருவன் உதட்டில் இருந்தது உடனே அடுத்தவன் உதட்டுக்குப் போகிறது. எச்சிலில் பயணிக்கும் எந்தக் கிருமிக்கும் இதைவிட நல்ல வாகனம் கிடைக்காது. பூட்டிய கழிப்பறையில், மாடிப்படியின் கீழ் நெருங்கி நின்று, முகத்துக்கு முகம் ஊதுவதும் சேர்ந்துகொள்கிறது. ஐந்து மடங்கைச் சொல்லி மிரட்டுவதைவிட இந்தக் காட்சியை எடுத்துச் சொன்னால் பதின்வயதுப் பிள்ளை தலையாட்டுவான், ஏனென்றால் அது அவன் கண்ணால் கண்டது.

மேயோ ஆய்வு சாத்தியமானதன் பின்னால் ஒரு எளிய விஷயம் இருக்கிறது. அங்கே நோயாளியின் பதிவேட்டில், சிகரெட் பிடிப்பீர்களா என்பதோடு வேப் பிடிப்பீர்களா என்பதும் எழுதப்பட்டிருந்தது. கேட்டு எழுதியதால்தான் எண்ண முடிந்தது. எண்ணியதால்தான் ஐந்து மடங்கைக் கேள்வி கேட்க முடிந்தது.

கேட்டு எழுதுவதன் பலனைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் ஒரு பெரும் ஆய்வு நடத்தினார்கள். இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றியும், உயிரோடிருந்த 35,000 ஆண்களைப் பற்றியும், அவர் பீடி, சிகரெட் பிடித்தாரா என்று விசாரித்து எழுதினார்கள். 2003இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணம். காசநோய் பாக்டீரியாவால் வருவது, வைரஸால் அல்ல. ஆனால் புகை மூச்சுவழித் தொற்றுக்கு எப்படி வழிவிடுகிறது என்பதை உலகுக்குச் சொன்ன முக்கியமான எண்களில் ஒன்று, நம் ஊர் வீட்டு வாசல்களில் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்திருக்கிறது.

வேப்புக்கும் அந்தக் கேள்வி வேண்டும். இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று வரும் பதின்வயதினரின் ஓ.பி. சீட்டில் மூன்று வரி போதும்: வேப் பிடிப்பதுண்டா, எத்தனை நாளாக, யாருடனாவது பகிர்ந்துகொள்வதுண்டா. அம்மா அப்பாவை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் உண்மை வரும். 2019 சட்டம் விற்பவரையும் இருப்பு வைப்பவரையும்தான் குறிவைக்கிறது. பிடிப்பதை அது தனிக் குற்றமாக்கவில்லை. மருத்துவர் அதை முதலில் சொல்லிவிட்டு, பதில் பள்ளிக்கோ காவல் நிலையத்துக்கோ போகாது என்ற உறுதியும் தர வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒரு மழைக்காலத்து ஃப்ளூ அலை முழுக்க இதைக் கேட்டு எழுதினாலே, நம் பிள்ளைகளுக்கான நம் எண் கையில் கிடைக்கத் தொடங்கும். சுகாதாரத் துறை வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த மூன்று வரிகளைச் சீட்டில் அச்சடிக்கட்டும்.